கதிரை தள்ள வைத்த மரியதாஸ் அண்ணன்

ஆஸ்திரேலியாவில், எங்கள் பென்டில் ஹில் தமிழ்க் கடையில் தேங்காய்ப்பூ பாக்கெட்டைத் தேடிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. எங்கள் ஆல்பம் வெளியான நாளிலிருந்து கடைக்கார அங்கிள் வேறு பாட்டே போடுவதில்லை. அன்றும் மரியதாஸ் அண்ணனின் கிதார்தான் கடை முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. போனில் கெய்லி. எங்கள் குழுவின் பாடகி, கோதுமைப் பண்ணையில் வளர்ந்தவள், எதற்கும் அழாதவள். “மாரி போயிட்டார், தூக்கத்திலேயே” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அழுதாள். அண்ணனை அவள் மாரி என்றுதான் கூப்பிடுவாள். நான் அங்கிளிடம் சொன்னேன். பாட்டை நிறுத்தக் கையை நீட்டியவர், நிறுத்தாமல் சத்தத்தைக் கூட்டினார். எனக்கு அது சரியாகத்தான் பட்டது.

இதைப் படிக்கிற உங்களில் பலர் அவரிடம் கார் ஓட்டப் பழகியவர்கள். “கண்ணாடியைப் பாருங்கோ, பிறகு திரும்புங்கோ” என்ற குரல் இன்னும் உங்கள் காதில் இருக்கும். அதே மனிதர் மன்னாரில் தேவாலயப் பாடகர் குழுவில் கிதார் பழகியவர். அந்தக் கரையோரத்துப் பைலா ஆட்டப்பாட்டின் துள்ளல் அவர் கையோடு விமானமேறி இங்கே வந்துவிட்டது. ஆஸ்திரேலியப் பண்ணைச் சனத்தின் கன்ட்ரி பாட்டைக் கொடுத்தாலும் கை துள்ளும். கேட்டால், “ரெண்டும் வேலை முடிஞ்ச சனம் ஆடுற பாட்டுத்தானே” என்பார்.

என்னை அவர் பிடித்தது ஒரு கல்யாண மண்டபத்தில். நான் திருச்சிக்காரி, மென்பொருள் வேலை, வார இறுதியில் வயலின். வாசித்து முடித்ததும் கையில் மட்டன் ரோல்ஸ் தட்டோடு வந்து நின்றார். “தங்கச்சி, நல்லா வாசிச்சனீங்கள். இந்த வயலினுக்குச் சிரிக்கத் தெரியுமோ?” எனக்குச் சுருக்கென்றது. “தெரியும்ணே, ஆள் பார்த்துச் சிரிக்கும்” என்றேன். அடுத்த வாரமே அவருடைய ‘செகண்ட் கேட்’ இசைக்குழுவில் சேர்ந்துவிட்டேன்.

நாற்காலியை அவர் கதிரை என்பார். அவரோடு பழகி நானும் அப்படியே சொல்லத் தொடங்கிவிட்டேன். ஏனென்றால் எங்கள் குழுவில் எல்லாப் பாட்டுக்கும் ஒரே பரீட்சை, கதிரைப் பரீட்சை. புதுப் பாட்டை எங்கள் தேவாலயப் பங்கு விருந்தில் சொல்லாமல் கொள்ளாமல் வாசிப்போம். ஆன்ட்டிகள், அண்ணன் பாஷையில் அன்ரிமார், சாப்பாட்டை விட்டு, கதிரையைப் பின்னால் தள்ளி எழுந்தால் பாட்டு பாஸ். கைதட்டலை அவர் சட்டை செய்யவே மாட்டார். “கைதட்டுறது மரியாதைக்கு. கதிரை தள்ளுறது பொய் சொல்லாது.”

எந்தப் பாட்டுக்கும் எழாத ஒரே ஆள் அவருடைய மனைவி பிலோமினா அக்கா. ஆடப் போகிறவர்களின் கைப்பைகளையெல்லாம் மடியில் குவித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். “பையளை ஆராவது பாக்கோணுமே” என்பார். அண்ணன் ஒவ்வொரு பாட்டிலும் அவரை ஒரு பார்வை பார்ப்பார். அக்கா அசைந்ததே இல்லை.

பெரிய இசைக் கம்பெனி ஒன்று ஆல்பத்துக்காக எங்களைக் கூப்பிட்டபோது, தலையில் எல் போர்டு வைத்த அவருடைய பயிற்சிக் காரில்தான் போய் இறங்கினோம். வரவேற்பறைப் பெண் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். அண்ணனும் கூடச் சிரித்தார்.

ஸ்டூடியோவில்தான் சிரிப்பு நின்றது. தயாரிப்பாளர் கிரெக், தாளம் பிசகாமலிருக்க டிக் டிக் என்று ஓடும் ஹெட்போனை அண்ணன் காதில் மாட்டிவிட்டார். அண்ணனின் கை அதற்குள் அடங்கவில்லை. அடிகள் டிக்குக்குக் கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே விழுந்தன. மதியச் சாப்பாட்டுக்குப் போய் வருவதற்குள் கிரெக் அத்தனை அடிகளையும் கம்ப்யூட்டரில் இழுத்து வரிசையாக நிறுத்திவிட்டார். போட்டுக் காட்டினார். இஸ்திரி போட்ட சட்டை மாதிரி இருந்தது. இப்படித்தான் போகும், இல்லையென்றால் கிதாருக்கு வேறு ஆள் வருவார், கம்பெனியின் முடிவு என்றார். கெய்லி, “அப்போ ஆல்பமே வேண்டாம்” என்று எழுந்தாள். எனக்கும் வந்த கோபத்தில் வயலின் வில்லைப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

அண்ணன் மட்டும் நிதானமாக இருந்தார். “தங்கச்சி, அவரில பிழை இல்லை. கதிரை தள்ள ஆளில்லாத அறையில வச்சு அந்த மனுசனுக்கு எப்பிடித் தெரியும்?” என்றார். பிறகு கிரெக்கைச் சனிக்கிழமை பங்கு விருந்துக்கு வரச் சொன்னார்.

கிரெக் வந்தார். முதலில் இஸ்திரி போட்ட பாட்டை ஒலிபெருக்கியில் போட்டோம். சனம் சாப்பிட்டது. ஒரு அங்கிள் வீட்டு விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அடுத்து அதே பாட்டை நாங்கள் வாசித்தோம். முதல் கதிரை கிரீச்சென்றது. அடுத்து ஒன்று. பிறகு ஹால் முழுக்க. ஒரு அன்ரி கிரெக்கிடம், “மகன், எழும்புங்கோ, ஆட இடம் காணாது” என்று அவர் இருந்த கதிரையையே இழுத்துப் போய்விட்டார். கிரெக்குக்குத் தமிழ் புரியவில்லை, ஆனால் எழுந்துவிட்டார். கையில் பேப்பர் தட்டு, தட்டில் பாதி ரோல்ஸ், கால் தன்பாட்டில் ஆடிக்கொண்டிருந்தது.

மறுவாரம் மைக்குகளைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கே வந்தார் கிரெக். டிக் டிக்கைத் தன் கையாலேயே நிறுத்தினார். அன்ரிமாரையும் கூப்பிட்டு வைத்தே ஒலிப்பதிவு நடந்தது. ஆல்பத்தின் முதல் பாட்டில் கிதாருக்கு முன்னால் கேட்கிற அந்தக் கிரீச் வேறொன்றுமில்லை, நம் கதிரைகள்தான். ஆல்பத்துக்கே ‘புஷ் த சேர்ஸ் பேக்’ என்று பெயர் வைத்தார்கள். மாற்றச் சொன்ன கம்பெனியே வைத்தது! இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

மெல்பர்ன் நிகழ்ச்சியில் அண்ணன் திரைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு அரண்டுபோனார். “தங்கச்சி, இஞ்ச கதிரை எல்லாம் நிலத்தோட பூட்டிக் கிடக்கு!” அது தியேட்டர். ஆனால் மூன்றாவது பாட்டில் சனம் எழுந்தபோது மடக்கு இருக்கைகள் படபடவென்று மேலே அடித்தன. அண்ணன் வாசிப்பதை விடாமல் என் பக்கம் திரும்பி, “ஓம், இதுவும் கணக்குத்தான்” என்றார்.

போன வாரம் அண்ணன் மறைந்த முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து அதே ஹாலில் சாப்பாடு. அவருடைய கதிரையில் படத்தை வைத்திருந்தோம். மெதுவான பாட்டொன்றை மட்டும் வாசிப்பதாக இருந்தது. பிலோமினா அக்கா கையைக் காட்டி நிறுத்தினார். “அது வேண்டாம். அவற்ற துள்ளல் பாட்டை வாசியுங்கோ.” யாரோ, “செத்தவீட்டுச் சாப்பாட்டில ஆட்டமோ?” என்று முணுமுணுத்தார். நாங்கள் தொடங்கினோம். ஒருவரும் அசையவில்லை. எல்லோரும் அக்காவையே பார்த்தார்கள்.

அக்கா தன் கைப்பையை எடுத்தார். நேரே வந்து அண்ணனின் படத்துக்கு முன்னால், அவர் கதிரையில் வைத்தார். “இண்டைக்கு நீங்கள் பாருங்கோ” என்றார்.

திரும்பிப் போய்த் தன் கதிரையைப் பின்னால் தள்ளினார். அதன் பிறகு ஹாலில் ஒரு கதிரையும் இருந்த இடத்தில் இல்லை.

அவருடைய கிதார் வீட்டாரிடம் இருக்கிறது, இருக்கட்டும். ஆல்பம் ஊருக்கே சொந்தம். நான் வைத்துக்கொண்டது பிலோமினா அக்காவின் கதிரை எழுப்பிய அந்த ஒரு கிரீச். அண்ணே, பாட்டு பாஸ்.