மூட்டைக்கு வெளியே நின்ற தமிழ்

குணரத்தினம் நியூசிலாந்தின் ஒக்லாந்தில் நெடுங்காலம் பஸ் ஓட்டியவர். ஏறுகிற ஒவ்வொருவரோடும் ஏதாவது கதைப்பார். தொண்டையில் புற்றுநோய் வந்து குரல்வளையை எடுத்த பிறகு, பழைய லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு தமிழில் பெரிய எழுத்தாகத் தட்டத் தொடங்கினார். மனைவி சற்குணம் எட்டிப் பார்த்து வாசித்து, வாயால் பதில் சொல்வாள். அப்படியே சண்டையும் பிடித்தார்கள்.

அந்த லேப்டாப்பில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தவன் அடுத்த வீட்டு மதன்குமார், கோயம்புத்தூர்க்காரன்.

ஒரு நாள் எழுதும் செயலிக்குப் புதுப் பதிப்பு வந்திருப்பதாகத் திரை காட்டியது. குணரத்தினம் பழையதை நீக்கிவிட்டு அதை இறக்கினார். டிஸ்க்கில் மிச்சமிருந்த இடத்தையெல்லாம் அது பிடித்துக்கொண்டது. திறக்கவும் நேரம் எடுத்தது. அவர் பதில் திரைக்கு வருவதற்குள் சற்குணம் சமைக்கக் குசினிக்குப் போய்விடுவாள். அதைவிடப் பெரிய கரைச்சல், தமிழ் விழவில்லை. எதைத் தட்டினாலும் ஆங்கில எழுத்துத்தான்.

மதன்குமார் வேலையாக வெலிங்டன் போயிருந்தான். ஒரு கிழமை, ஏழு நாள், ஆங்கிலத்திலேயே ஓடியது. த்ரீ கிங்ஸ் பகுதிக் கடையொன்றில் வேலை முடிந்து வந்து அவள் சாப்பாடு வைத்தால், “தேங்க் யூ, வெரி நைஸ்” என்று தட்டுவார்.

“ஆரோ விருந்தாளியோட இருக்கிற மாதிரி இருக்கப்பா,” என்றாள் சற்குணம். அவர் லேப்டாப்பை மூடிவிட்டார். பிறகு இரண்டு நாள் அதைத் தொடவேயில்லை.

மதன்குமார் திரும்பி வந்து பார்த்தான். “அங்கிள், இது தனக்கு வேணுங்கறதெல்லாம் ஒரே மூட்டையா கட்டிக்கிட்டு வர்ற ரகம். எந்த லினக்ஸ்லயும் ஓடும், அது வசதிதான். ஆனா வெளிய இருக்கறதோட சரியா ஒட்டாது. உங்க தமிழ் கீபோர்டு மூட்டைக்கு வெளிய, லினக்ஸ்ல இருக்கு. பழையதையே போடட்டுமா? புது வசதியெல்லாம் கிடைக்காது.”

குணரத்தினம் வேகமாகத் தலையாட்டினார்.

மதன்குமார் பழையதைப் போட்டுவிட்டுப் போனதும் முதல் தமிழ் வரி விழுந்தது: “பருப்புக்கு உப்புக் காணாது. ஒரு கிழமையா.”

“அப்ப ஏன் சொல்லேல்லை?”

“இங்கிலீசிலை எழுதினால் கோவமாச் சொன்ன மாதிரி இருக்கும். உனக்கு நோகும்.”

சற்குணம் சோபாவின் கைப்பிடியில் அமர்ந்து அவர் தோளில் சாய்ந்தாள்.

“வேற என்ன குறை இருக்கு? எல்லாத்தையும் சொல்லுங்கோ.”

அவர் சிரித்துக்கொண்டே தட்டத் தொடங்கினார்.