கர்டருக்குக் குங்குமம்

எங்கள் தோட்டத்துப் பழைய தேயிலைத் தொழிற்சாலையைக் கழற்றி விற்றபோது, இரும்பை வெட்டியவன் நான்தான். கேஸ் நெருப்பால் இரும்பு வெட்டத் தெரிந்தவன் தோட்டத்தில் நான் ஒருவன்தான். வெள்ளைக்காரன் கப்பலில் கொண்டுவந்த நாலு மாடி இரும்பு. ரோட்டுப் பாலம் அந்தக் கனத்தைத் தாங்காது. அதனால் வெட்டியதையெல்லாம் பீப்பாய்த் தெப்பத்தில் ஏற்றி, நீர்த்தேக்கத்தின் மறுகரையில் நின்ற லொறிக்கு அனுப்பினோம்.

எனக்கு அதில் ஒரே ஒரு கர்டர், ஒரு நீள இரும்பு உத்தரம், வேண்டியிருந்தது. எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே ஓர் ஓடை. அதைக் கடக்க இரண்டு மரக்கட்டைகள், இரண்டிலும் பாசி. போன மழையில் என் மகள் வழுக்கி விழுந்து, ஒரு வேரைப் பிடித்துத் தொங்கித்தான் பிழைத்தாள். அதிலிருந்து வானம் இருட்டினாலே நான் ஓடைக்கு ஓடிவிடுவேன்.

இரும்பை வாங்கிய முதலாளியிடம் கேட்டேன்.

“ஒனக்குக் கொடுத்தா ஒம்பது பேர் வந்து நிப்பாங்க தம்பி. வேலையைப் பாரு.”

பார்த்தேன். மறுநாள் யாரும் வருமுன், இருபதடி கர்டர் ஒன்றுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் அறுத்து, சிவப்புத் துணி கட்டிச் சூடம் ஏற்றினேன். முதலாளி வந்தார். செருப்பைக் கழற்றினார்.

“அடேய், இதுல எவனும் கை வைக்காதீங்க. இங்கேயே இருக்கட்டும்.”

அன்று முழுக்கச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாகிவிட்டது.

தெப்பம் கடைசி நடை போனதும், ஆள் சேர்த்து, அரோகரா போட்டு, கர்டரை ஓடைக்குத் தூக்கி வந்தோம். அரோகரா போட்டதுதான் தப்போ என்னவோ. ஓடைக்குக் குறுக்கே போடலாம் என்றேன். ஒருத்தரும் அசையவில்லை.

“சாமிய மிதிச்சுக்கிட்டா புள்ள பள்ளிக்கூடம் போகணும்?” என்றாள் என் மனைவி.

“ஐயோ, நான்தான்டி குங்குமம் வச்சேன். சும்மா பொய்க்கு வச்சேன்.”

“ஒங்களை வைக்க வச்சது யாருங்க?”

லயமே தலையாட்டியது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது. அடுத்த ஞாயிறு கரையில் குழி தோண்டி, கர்டரை நிமிர்த்தி நட்டார்கள். சீமெந்து குழைத்தவனும் நான்தான்.

இப்போது மழை தொடங்கிவிட்டது. காலையில் மகள் கர்டரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கட்டைமேல் கால் வைக்கிறாள். அவள் அந்தப் பக்கம் ஏறும்வரை நான் மூச்சுவிடுவதில்லை. பக்கத்தில் என் மனைவி கர்டரைக் கும்பிட்டபடி நிற்கிறாள். தினமும் ஒரே வேண்டுதல்தான்.

“சாமி, எங்களுக்கு எப்படியாச்சும் ஒரு பாலம் போட்டுக் குடுத்துரு.”