தெரு அறிவித்த மூளைச் சாவு

1. ஐஸ் பெட்டி வந்தாச்சு

காலை ஏழு மணி டூட்டிக்குப் போனால், ஐ.சி.யூ. கதவுக்கு வெளியே முப்பது பேர் நிற்கிறார்கள். கையில் ரோஜா மாலை வேறு. யாருக்கு மாலை என்று விசாரித்தால், உள்ளே நாலாவது பெட்டில் இதயம் ஒழுங்காக அடித்துக்கொண்டு படுத்திருக்கும் என் பேஷண்ட் மாரிக்காம்! எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை.

நான் ஸ்டெல்லா. ராயபுரத்துக்காரி. வடசென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவள். சர்வீஸில் பாதிக்கு மேல் ஐ.சி.யூ.விலேயே போனது. இப்போது வேலைக்குச் சேரும் பிள்ளைகள் மானிட்டரைப் பார்க்கிற நேரத்தில் பாதி கூட வெளியே நிற்கிற மனிதர்களைப் பார்ப்பதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். 2009 வாக்கில் நடந்தது.

மாரிக்கு ஹார்பரில் லாஷிங் வேலை. கப்பலில் அடுக்கிய கன்டெய்னர்கள் சாயாமல் இரும்புக் கம்பி போட்டு முறுக்கிக் கட்டுவது. மழையில் நனைந்த கன்டெய்னர் மேலிருந்து வழுக்கி விழுந்து, தலையில் பலமான அடி. மூன்று நாளாக வென்டிலேட்டரில் இருந்தார். ஊர் திருவொற்றியூர். அங்கே ஒரு கேரம் கிளப்பில் அவர்தான் ஹீரோ. மாலையோடு நின்றது மொத்தமும் அந்த கிளப். செக்ரட்டரி தேசிங்கு முன்னால் நின்றார்.

“யோவ், யாருக்குய்யா மாலை?” என்றேன்.

“மாரிக்குத்தான் சிஸ்டர். மூளச் சாவு ஆயிப்போச்சு. வூட்டுக்கு இட்டுகினு போறோம்.”

“யாரு சொன்னது?”

“அல்லாரும் சொல்றாங்க.”

“அல்லாரும்னா எந்த டாக்டரு? பேரச் சொல்லு.”

தேசிங்கு பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். அவர் அடுத்தவரைப் பார்த்தார். அப்படியே வரிசை கடைசி வரை போயிற்று, டாக்டர் பெயர் மட்டும் வரவில்லை.

“மூணு நாளா கண்ணு தொறக்கல, கை கால் ஆடல, மிசினுதான் மூச்சு வுடுது. இது மூளச் சாவு இல்லாம வேற இன்னா சிஸ்டர்? தெருவுல பந்தல் போட்டாச்சு. போஸ்டர் ஒட்டியாச்சு. ஐஸ் பெட்டி வந்து, கரண்டு குடுத்து ஜில்லுன்னு கீது.”

“அதுல மோர் பாக்கெட் வெச்சு ஆளுக்கொன்னு குடிங்க. மனுசன் உயிரோட கீறாரு!”

சத்தம் போட்டுவிட்டு உள்ளே போனேன். நைட் டூட்டி டாக்டரின் மேஜையில் ஒரு பேப்பர் இருந்தது. ‘எங்கள் பொறுப்பில் அழைத்துப் போகிறோம்’ என்று இங்கிலீஷில் நாலு வரி. கீழே தமிழில் கையெழுத்து: கற்பகம். மாரியின் மனைவி.

எங்கள் பக்கத்தில் இது ரொம்ப நாள் வழக்கம். பிழைக்க மாட்டார் என்று தெரிந்தால் கடைசி மூச்சு சொந்த வீட்டில் போகட்டும் என்று தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஆஸ்பத்திரியில் செத்தால் கூறு போட்டுவிடுவார்கள் என்ற பயம் வேறு. ஆக்சிடென்ட் கேஸ் வீட்டில் செத்தாலும் போஸ்ட்மார்ட்டம் உண்டு என்பதை யாரும் காதில் வாங்குவதில்லை. மாரிக்கு மூச்சு கொடுக்கிற டியூபைப் பிடுங்கி வண்டியில் ஏற்றினால் டோல்கேட் தாண்டுவதற்குள் முடிந்துவிடுவார். தெரு சொன்னது அப்புறம் நிஜமாகிவிடும்.

2. இட்லி யாருக்கு?

அந்த வருஷங்களில் உறுப்பு தானம் பற்றிப் பேப்பரிலும் டி.வி.யிலும் நிறைய வந்தது. நல்ல விஷயம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ‘மூளைச் சாவு’ என்ற சொல் டீக்கடை வரை வந்து சேர்ந்தது, அதன் அர்த்தம் மட்டும் நடுவழியில் இறங்கிக்கொண்டது. வாயில் டியூப் போட்டவரெல்லாம் மூளைச் சாவு. சர்க்கரை ஏறி மயங்கியவரும் மூளைச் சாவு, பாம்பு கடித்தவரும் மூளைச் சாவு. ஒரு தடவை ஒரு பெரியவருக்கு டியூப் எடுத்து இரண்டு நாள் ஆகிவிட்டது. அவருடைய மருமகன் கதவருகே வந்து, “மாமாவுக்கு மூளைச் சாவுங்களா சிஸ்டர்?” என்று கேட்கிறார். கையில் டிபன் கேரியர். “அப்போ இட்லி யாருக்குப்பா கொண்டாந்த?” என்று கேட்டேன்.

பிள்ளைகளே, நான் பார்த்தவரையில் சொல்கிறேன். சாவுகளில் பெரும்பாலானவை இதயம் நின்று வருகிற சாவு. மூளைச் சாவு அபூர்வம். தலையில் அடி, மூளையில் ரத்தக் கசிவு மாதிரியான கேஸ்களில்தான் பெரும்பாலும் வரும், அந்தக் கேஸ்களிலும் எல்லாருக்கும் வராது. மூளை மொத்தமாக, மூச்சை நடத்துகிற தண்டுப் பகுதி உட்பட, முடிந்துபோயிருக்க வேண்டும். மெஷின் காற்று கொடுப்பதால் இதயம் கொஞ்ச காலம் அடித்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். கோமா என்பது வேறு. கோமாவில் மூளைக்கு உயிர் இருக்கிறது. அதிலிருந்து திரும்பி வந்தவர்கள் உண்டு. மூளைச் சாவிலிருந்து யாரும் வந்ததில்லை, வரவும் மாட்டார்கள். அதனால்தான் நாலு டாக்டர்கள் சேர்ந்து, இடையில் பல மணி நேரம் விட்டு, இரண்டு தடவை டெஸ்ட் செய்த பிறகுதான் அறிவிப்பார்கள். தூக்க மருந்து உடம்பில் இருக்கும்போது அந்த டெஸ்டையே ஆரம்பிக்கக் கூடாது.

நிஜமான கேஸும் பார்த்திருக்கிறேன். புளியந்தோப்பைச் சேர்ந்த ஒரு பையன், பைக்கில் போய் அடிபட்டவன். டார்ச் அடித்தால் கண்மணி சுருங்கவில்லை. தொண்டைக்குள் டியூப் விட்டாலும் இருமவில்லை. மெஷினை நிறுத்திப் பார்த்தபோது நெஞ்சு எழும்பவே இல்லை. இரண்டு தடவையும் அதேதான். அவன் அக்கா கிட்னி இரண்டையும் கொடுக்கச் சொன்னாள். அன்றைக்கு நான் ஸ்டோர் ரூமில் போய் அழுதுவிட்டு வந்தேன்.

மாரி அப்படி இல்லை. அவரை அசையாமல் வைத்திருந்ததே நாங்கள்தான். வீங்கிய மூளைக்கு ஓய்வு வேண்டும் என்று தூக்க மருந்து ஓடிக்கொண்டிருந்தது.

இதை மூன்று நாளில் ஒருவரும் கற்பகத்திடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவள் கதவருகே வந்து கேட்கும்போதெல்லாம், “அப்படியேதான் கீறாரு, போம்மா” என்று கதவைச் சாத்தினேன்.

3. ஒரு இருமல்

கற்பகம் வராந்தாவில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். காசிமேட்டில் இறால் உரிக்கும் கம்பெனியில் வேலை செய்கிறவள். விரலெல்லாம் வெடிப்பு.

“கையெழுத்து போட்டியா?” என்றேன்.

“போட்டேன் சிஸ்டர். அல்லாரும் சொல்றாங்க, செத்தவர வெச்சிகினு ஏன் பேஜாரு பண்றன்னு.”

“எய்ந்துரு. உள்ள வா.”

விசிட்டர் நேரம் இல்லை. ரூல்ஸைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கவுனை மாட்டி, செருப்பைக் கழற்றச் சொல்லி இழுத்துக்கொண்டு போனேன். அவள் கணவரை எட்டி நின்றே பார்த்தாள். தொட பயம்.

முதலில் டார்ச் அடித்துக் காட்டினேன். “கண்ணு நடுவுல கறுப்பா கீது பாரு, அதையே பாரு.” வெளிச்சம் பட்டதும் கண்மணி சுருங்கியது. அவளுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. அப்புறம் சக்ஷன் எடுத்தேன். டியூப் வழியாக மெல்லிய குழாயை விட்டுச் சளியை உறிஞ்சும் வேலை. நாங்கள் ஒரு நாளைக்குப் பத்து தடவை செய்வது. குழாய் உள்ளே போன இரண்டாவது நொடி மாரிக்கு உடம்பு குலுங்கியது, முகம் சிவந்தது, தோள் இரண்டும் பெட்டை விட்டு எழும்பி ஒரு இருமல் இருமினார் பாருங்கள், மெஷின் அலாரமே அடித்துவிட்டது.

கற்பகம் “யம்மாடி!” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மூளச் சாவு ஆனவங்க இரும மாட்டாங்க கற்பகம். தூங்குறாரு. நாங்கதான் மருந்து போட்டுத் தூங்க வெச்சிருக்கோம்.”

“நீங்களா? அப்போ மருந்த நிறுத்துனா எய்ந்துப்பாரா?”

அந்த இடத்தில் ‘ஆமாம்’ என்று சொல்ல வாய் துறுதுறுத்தது. சொல்லவில்லை. “அது தெரியாது. எய்ந்துக்கலாம், எய்ந்துக்காமலும் போவலாம். ஒரு கை வராமப் போவலாம். ஆனா இன்னைக்குச் சாவல. அத மட்டும் நான் சொல்லுவேன்.”

அவள் பெட்டுக்குப் பக்கத்தில் வந்தாள். பிறகு முதல் தடவையாக மாரியின் காலைத் தொட்டாள். “சூடா கீது சிஸ்டர்,” என்றாள். வெளியே போய் தேசிங்கின் முன்னால் நின்று, “இருமுறாருண்ணா. நா இட்டுகினு வர மாட்டேன்,” என்றாள்.

தேசிங்கு பாவம், ஆடிப்போய்விட்டார். சந்தோஷப்படுவதா, போஸ்டரைக் கிழிக்க ஓடுவதா என்று தெரியவில்லை. “நல்லா பாத்தியா? அவன்தான் இருமுனானா?”

“எனக்கு அவரு இருமல் தெரியாதா? பன்னெண்டு வருசமா பீடி வாணாம் வாணாம்னு கத்திகினு கீறேன்!”

முப்பது பேரும் சிரித்துவிட்டார்கள். மாலையை என்ன செய்வது என்று தெரியாமல் தேசிங்கு அதை ஆஸ்பத்திரி வாசலில் இருந்த பிள்ளையாருக்குப் போட்டுவிட்டுப் போனார். கையெழுத்துப் போட்ட பேப்பரை டாக்டர் ‘ரத்து’ என்று எழுதி கேஸ் ஷீட்டிலேயே வைத்தார்.

4. யார் பேரு இல்ல?

இரண்டு நாள் கழித்து ஸ்கேனில் வீக்கம் குறைந்தது. தூக்க மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். மருந்து நின்ற மறுநாளும் மாரி கண் திறக்கவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு ஆசை காட்டிவிட்டோமோ என்று பயந்தேன். அதற்கு அடுத்த நாள் காலையில் கற்பகம் காதருகே போய் ஏதோ சொன்னாள், மாரி ஒரு கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். என்ன சொன்னாய் என்று கேட்டேன். “வூட்டு வாசல்ல ஐஸ் பெட்டி வெச்சிட்டாங்கன்னு சொன்னேன்,” என்றாள்.

தேறி வர ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. இடது காலில் இழுப்பு தங்கிவிட்டது. பேச்சு மெதுவாக வந்தது. கப்பல் வேலைக்கு இனி போக முடியாது. ஆனால் ஆள் முழு ஆள். டிஸ்சார்ஜ் அன்று தேசிங்கு கிழிக்காமல் வைத்திருந்த ஒரு போஸ்டரை எடுத்து வந்து வெட்கப்பட்டுக்கொண்டே விரித்தார். கூலிங் கிளாஸ் போட்ட மாரி படம், ‘கண்ணீர் அஞ்சலி’, கீழே ‘இவண்’ என்று போட்டு கிளப்காரர்களின் பெயர்கள். மாரி ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்தார். கடைசியில் நிமிர்ந்து, “குமாரு பேரு இல்ல,” என்றார்.

“எடம் பத்தல நைனா,” என்றார் தேசிங்கு.

“எடம் பத்தலயா, அவன் பேரு வாணாம்ன்டானா?”

குமார் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். அந்த விசாரணை வண்டி ஏறும் வரை நடந்தது.

எல்லாரும் வண்டியில் மாரியை உட்கார வைத்துக்கொண்டிருந்தபோது கற்பகம் மட்டும் திரும்பி உள்ளே வந்தாள். சொல்லிக்கொண்டு போக வந்தாள் என்று நினைத்தேன். அவள் முகம் வேறு மாதிரி இருந்தது.

“சிஸ்டர், நா கையெழுத்து போட்டேன்ல. நீ அன்னிக்கு லீவுல இருந்திருந்தீன்னா நானே அவர சாவடிச்சிருப்பேன்ல. ராத்திரில தூக்கம் வர்ல சிஸ்டர்.”

“கற்பகம், மூணு நாள் அந்தக் கதவாண்ட நின்ன. தூக்க மருந்து போட்டிருக்கோம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நீ போட்டிருப்பியா?”

“எதுக்குப் போடறேன்?”

“சொல்லாதது நாங்க. கதவச் சாத்துனது நான். அதுல உன் தப்பு ஒண்ணும் இல்ல. திட்டணும்னா என்னத் திட்டு.”

அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு ஆரம்பித்தாள். காசிமேட்டு மீன் மார்க்கெட்டில் கூடக் கேட்டிராத வார்த்தைகள். வெள்ளைத் தொப்பி போட்டால் பெரிய இவளா, வெளியே நிற்கிறவள் மனுஷி இல்லையா, உன் புருஷன் படுத்திருந்தால் இப்படிக் கதவைச் சாத்துவார்களா என்று மூச்சு விடாமல் கேட்டாள். ட்ரெயினிங் பிள்ளைகள் இரண்டு பேர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு முழுசாகக் கேட்டுக்கொண்டேன். சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை.

மூச்சு வாங்கி நிறுத்தினாள். “போதுமா?” என்றேன்.

“இப்பதான் நெஞ்சு லேசாச்சு,” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். “இன்னிக்கு தூங்கிடுவேன் சிஸ்டர்.”

மறுநாள் முதல் ஐ.சி.யூ. கதவை நான் சாத்துவதற்கு முன்னால் இரண்டு நிமிஷம் வெளியே நின்று பேசினேன். ரிட்டயர் ஆகிற நாள் வரை அதை விடவில்லை.