நான் ஓட்டாத பஞ்சு

அண்ணன் எங்களை விட்டுப் போய் இந்தத் திதியோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு எழுதச் சொல்லி அண்ணி என் கையில் பேனாவைக் கொடுத்தபோது, நல்லதை மட்டும் எழுதிவிட்டு எழுந்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் அரக்கோணத்தில் பிறந்தார். அப்பாவுக்கு ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை கிடைத்ததால் சிறு வயதிலேயே செகந்திராபாத் வந்துவிட்டோம். அப்பா பணியிலிருக்கும்போதே இறந்துபோக, கல்லூரிக்குப் போயிருக்க வேண்டிய அண்ணன் அதே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராகச் சேர்ந்தார். என் கல்யாணத்தை நடத்தியவர் அவர். என் கணவர் காலமாகி, தையல் மிஷினோடு மல்காஜ்கிரி வீட்டு வாசலில் நான் வந்து நின்றபோது, எத்தனை நாள் என்று கேட்காமல் மிஷினைத் தூக்கி முன்னறையில் வைத்தவரும் அவரே.

ஓய்வு பெற்ற பிறகு அந்த முன்னறையின் மறுபாதியில் அவருக்கும் ஒரு வேலை அமைந்தது. பழைய கோல்ஃப் மட்டைகளுக்குக் கிரிப் மாற்றுவது. மட்டையில் கை பிடிக்கும் இடத்தில் ரப்பர் உறை இருக்கும். தேய்ந்து வழவழத்துப் போனால் அதை அறுத்தெடுத்துவிட்டுப் புதிது போட வேண்டும். எங்கள் வீட்டில் கோல்ஃப் ஆடியவர் எவருமில்லை. ஒர்க்‌ஷாப் அதிகாரி ஒருவருக்கு ஒருமுறை செய்து கொடுத்தார், பேர் பரவிவிட்டது.

இரும்புத் தண்டென்றால் அண்ணன் அவ்வளவு யோசிக்க மாட்டார். கார்பன் தண்டென்றால் பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுவது போலத்தான். கொக்கி மாதிரி வளைந்த கத்தியால், முனை தண்டைத் தொடாமல் ரப்பரை அறுப்பார். பழைய டேப்பை உரித்துத் துடைத்த பிறகு, ஒரு துண்டுப் பஞ்சை வெறும் தண்டின் மேல் மெதுவாக ஓட்டுவார். கீறல் இருந்தால் பஞ்சின் இழை அங்கே சிக்கிக்கொள்ளும். சிக்கினால் அந்தத் தண்டுக்குக் கிரிப் போட மாட்டார். ஆடும்போது ஒடிந்து ஆளைக் குத்திவிடும் என்பார். பஞ்சு வழுக்கிக்கொண்டு போனால்தான் புது டேப், அதன் மேல் கொஞ்சம் டர்பன்டைன், பிறகு ஒரே தள்ளில் புது கிரிப்.

சர்க்கரை அவர் கண்ணை மங்கவைத்த பிறகு, பழைய கிரிப்பை அறுக்கும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். ஒருநாள் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவரின் மட்டை வந்தது. அண்ணனின் சாமான் டப்பாவில் கொக்கிக் கத்தி கைக்கு அகப்படவில்லை. எனக்கோ முகூர்த்த ரவிக்கை ஒன்று அவசரம். தையல் பிரிக்கிற பாதி பிளேடு கையிலேயே இருந்தது. துணியில் படாமல் ஆயிரம் ரவிக்கை பிரித்தவளுக்கு இந்த ரப்பர் எம்மாத்திரம் என்ற திமிர். பிளேடு ரப்பரைத் தாண்டி எதிலோ உரசியது. டேப்பை உரித்தபோது மெல்லிய கோடு ஒன்று தெரிந்தது. பெயின்ட்தான் போயிருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"பஞ்சு ஓட்டிட்டியா பாப்பா?" என்று அண்ணன் கேட்டார்.

"ஆச்சுண்ணா," என்றேன். ஓட்டவில்லை.

என்னை நம்பி அவர் டேப் சுற்றிக் கிரிப் போட்டுக் கொடுத்தார். பத்து நாளில் ஐயா உள்ளங்கையில் கட்டோடு வந்தார். தண்டு கிரிப்புக்குள்ளேயே ஒடிந்து கையைக் கிழித்திருந்தது. அவர் கோபப்படவில்லை, எப்படி ஆயிற்று என்று இந்தியில் கேட்டார், அவ்வளவுதான். அண்ணன் எழுந்து கைகூப்பி, தன் கண் சரியில்லாததால் வந்த தவறு என்றார். நான் மிஷின் முன்னால் குனிந்தபடி உட்கார்ந்திருந்தேன். ஐயா ஒடிந்த மட்டையை வைத்துவிட்டுப் போனார்.

"டப்பாவ மூடி வெச்சிடு பாப்பா. இனிமே வேணாம், நக்கோ," என்றார் அண்ணன்.

அதன் பிறகு அவர் ஒரு மட்டையையும் தொடவில்லை. வேலை நின்றதும் மனிதர் ஒடுங்கிவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது விரல்கள் மட்டும் தோள்துண்டின் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருக்கும். பார்க்கும்போதெல்லாம் உண்மையைச் சொல்லிவிட நினைப்பேன், பிறகு குனிந்து மிஷினை மிதிப்பேன். பிறகு சிறுநீரகம் கெட்டது, ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்தோம். ஒரு காலையில் அண்ணி காபி ஆற்றிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டார். நான் கடைசிவரை சொல்லவே இல்லை.

போன மாதம் வீட்டை ஒழிக்கும்போது அந்த டப்பாவைத் திறந்தேன். அடியில் அந்த ஒடிந்த துண்டு. கிரிப்பும் டேப்பும் உரிக்கப்பட்டிருந்தன. வெறும் தண்டில் சாய்வாக ஒரு கீறல், அதில் சிக்கிய கொஞ்சம் பஞ்சு. கண் மங்கினால் என்ன, விரலும் பஞ்சும் அவருக்குச் சொல்லியிருக்கின்றன. அது பிளேடு வெட்டு என்று ஒரு ஃபிட்டருக்குத் தெரியாதா?

அண்ணியிடம் காட்டினேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"அன்னிக்கே பாத்துட்டாரு. பாப்பாகிட்ட சொல்லிடாத, அவளுக்குக் கை நடுங்க ஆரம்பிச்சிடும், அப்புறம் தையலே ஓடாதுன்னாரு."

முன்னறையில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதேன். அவர் எனக்காக வாய் திறக்கவில்லை. நானும் எனக்காகவே வாய் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குத் துணை வந்த பக்கத்து வீட்டாருக்கும், ரத்தம் கொடுத்த ஒர்க்‌ஷாப் நண்பர்களுக்கும், அரக்கோணத்திலிருந்து ரயிலேறி வந்து நின்ற சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. தழும்பேறிய அந்தக் கையோடு வந்து அண்ணனின் பாடைக்குத் தோள் கொடுத்த ஐயாவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. இந்த மலரின் முதல் பிரதியை அவரிடம் கொடுத்து, எனக்குத் தெரிந்த இந்தியில் நானே சொல்லப்போகிறேன்: என் அண்ணனின் கண் மேல் தவறில்லை. பிளேடு என்னுடையது. அவர் கேட்டார், நான் பஞ்சு ஓட்டவில்லை.