எட்டு மீற்றர் பிழை

கலியாணவீடுகளில் ட்ரோன் பறக்கவிடுகிறவனுக்குத் துல்லியம் பெரிய விஷயமில்லை. மூன்று மீற்றர் தள்ளிப் போனால் மாப்பிள்ளைக்குப் பதிலாக ஐயரின் வழுக்கை படத்தில் விழும். அந்த இடத்தில் பாட்டைக் கொஞ்சம் சத்தமாகப் போட்டு ஒப்பேற்றிவிடலாம். இணுவிலில் இருந்துகொண்டு பத்து வருடமாக அப்படி ஒப்பேற்றியே வயிறு வளர்த்தவன் நான். வயிற்றைப் பார்த்தாலே தெரியும்.

ரீச்சர் எங்கள் ஒழுங்கையில் வாடகைக்கு இருப்பவர், படிப்பித்து ஓய்வு பெற்றவர். அவருடைய சொந்தக் காணி வடக்குக் கடற்கரைப் பக்கம், முப்பது வருடத்துக்கு மேலாக இராணுவ முகாமுக்குள் கிடந்தது. போன வருடம் ஒரு துண்டை விட்டார்கள். காணி உறுதியில் உள்ள ஆறு பரப்பில் நாலு பரப்பு மட்டில் வெளியே வந்திருந்தது. மிச்சம் முட்கம்பிக்கு அந்தப் பக்கம். வெளியே வந்த துண்டும் காணி மாதிரி இல்லை. ஆள் நுழைய முடியாத பற்றை, அதற்கு மேலால் பனை.

திங்கட்கிழமை பற்றை வெட்டப் பெக்கோ இயந்திரம் வருவதாக இருந்தது. அதற்கு முதல் வெள்ளிக்கிழமை ரீச்சர் என் வீட்டுப் படலையில் வந்து நின்றார். நானும் வழக்கம்போல, யாருக்குக் கலியாணம் ரீச்சர், உங்களுக்கோ என்று கேட்டு வைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

"தம்பி, எங்கடை கிணறு எங்கை கிடக்கெண்டு மேலையிருந்து பாத்துச் சொல்லவேணும். கிணத்திலையிருந்து கிழக்கை ஏழு கவடு. அதிலைதான் என்ரை தம்பியை வைச்சனாங்கள்."

சண்டையில் ஊர் இடம்பெயர்ந்த அன்று, அந்தத் தம்பி தண்ணீர் அள்ளப் போன இடத்தில் ஷெல் விழுந்திருக்கிறது. பத்தொன்பது வயது. சுடலைக்குக் கொண்டுபோக வழியில்லை, சுடுவதற்கு நேரமுமில்லை. தகப்பனும் அயலவர் இரண்டு பேரும் அரை மணித்தியாலத்தில் கிடங்கு வெட்டிப் புதைத்துவிட்டு, எல்லாரும் சைக்கிளில் வெளிக்கிட்டுவிட்டார்கள். ரீச்சர்தான் கிணற்றுக்கட்டிலிருந்து கவடு வைத்து எண்ணினவர். எலும்பைக் கிளறி எடுக்கும் எண்ணம் அவருக்கு இல்லை. பெக்கோவின் வாளி அந்த இடத்தில் விழக்கூடாது, அவ்வளவுதான். வேலியும் வீடும் மரமும் போய்விட்ட இடத்தில் அடையாளத்துக்கு மிஞ்சியது கிணறு ஒன்றுதான்.

பறப்பதற்கான அனுமதிக் கடிதம் ஞாயிற்றுக்கிழமை ஒரு நாளைக்கு மட்டும் கிடைத்தது. சனிக்கிழமை வீட்டிலிருந்தே பாதையைப் போட்டேன். கணினியில், விண்ணிலிருந்து எடுத்த செய்மதிப் படத்தை விரித்து, காணியின் மேல் நாலு வரிசை, வரிசைக்கு நாலு புள்ளி. பனைக்கு மேலால் போக நாற்பது மீற்றர் உயரம். கமெரா நேரே கீழே பார்க்க வேண்டும், ஒவ்வொரு புள்ளியிலும் நின்று ஒரு படம். கடைசி வரிசையை முட்கம்பியிலிருந்து நாலு மீற்றர் இந்தப் பக்கமாக வைத்தேன். திரையில் அந்த நாலு மீற்றரைப் பெருப்பித்துப் பார்த்தபோது ஒரு லொறியே திருப்பலாம் போலிருந்தது.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் போய் இறங்கினோம். ஒரு மதகின் மேல் நின்று கைபேசியைப் பார்த்தேன். கைபேசி சொன்னபடி நான் பக்கத்து வளவுக்குள் நின்றேன். அதாவது, செய்மதிப் படம் நிலத்தின் மேல் சரியாக உட்காரவில்லை, ஐந்து மீற்றர் விலகியிருக்கிறது. ட்ரோனுக்குச் சொந்தமாக இரண்டு மூன்று மீற்றர் பிழை வேறு உண்டு. மூளை உள்ளவன் அந்த இடத்தில் குந்தி, விலகல் எந்தத் திசைக்கு என்று பார்த்து, புள்ளிகளை நகர்த்தியிருப்பான். நான், ஐந்து மீற்றர்தானே என்று நினைத்தேன். கலியாணவீட்டுப் புத்தி.

ரீச்சரை நாங்கள் வந்த வான் வண்டிக்குள் இருத்தி, சாமான் பையை அவர் மடியில் கொடுத்துவிட்டு ட்ரோனை ஏற்றினேன். மூன்று வரிசை ஒழுங்காகப் போயிற்று. பற்றை, பற்றை, பனந்தலை, ஒரு உடைந்த சுவர். நாலாம் வரிசையின் முதலாம் புள்ளியில் திரை உறைந்தது. தொடர்பு அறுந்துவிட்டது.

பயப்பட ஒன்றுமில்லை, தொடர்பு அறுந்தால் அது புறப்பட்ட இடத்துக்குத் தானே திரும்பி வரும் என்று ரீச்சருக்கு விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தபோதுதான் தேர்த்திருவிழா நினைவுக்கு வந்தது. திருவிழாச் சனத்தின் கைபேசிகளுக்கு நடுவில் தொடர்பு அடிக்கடி அறும். தேர் சுற்றி முடித்து இருப்புக்கு வரும் நேரத்தில் ட்ரோன் கோபித்துக்கொண்டவன் போலப் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பிவிடும். அதனால், அறுந்தாலும் பாதையை முடித்துவிட்டு வா என்று அமைப்பை மாற்றியிருந்தேன். அதைத் திரும்ப மாற்றவில்லை. இப்போது அது என் சொல்லைக் கேளாமல், என் சொல்லையே கேட்டு, முட்கம்பி ஓரமாகப் போய்க்கொண்டிருந்தது. ஓரமாகவா, மேலாகவா என்பது அந்த ஐந்து மீற்றருக்குத்தான் தெரியும்.

நான் ரிமோட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தேன். பிறகு வானின் மேல் ஏறப் பார்த்தேன், ஒரு கால் ஏறியது, வயிறு ஏறவில்லை. விசாரணைக்குக் கொழும்பில் எந்த மாடிக்குக் கூப்பிடுவார்கள், கூப்பிட்டால் எந்தச் சேர்ட்டைப் போடுவது என்பதுவரை மனம் போய்விட்டது. ரீச்சர் பையை அணைத்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ட்ரோன் தன் வேலையை முடித்துவிட்டு, நல்ல பிள்ளையாக வந்து என் காலடியில் இறங்கியது.

படங்களைத் தட்டிப் பார்த்தேன். பதினாலாவது படத்தில் முட்கம்பி குறுக்கே ஓடியது. அதோடு ஒட்டினாற்போல் கறுப்பாக ஒரு வட்டம், பக்கத்தில் பாதி விழுந்த துலாத்தூண். கிணறு. வெயிலில் திரை மங்கல். மூன்று செக்கன் பார்த்திருப்பேன். அதற்குள் கம்பி ஓரமாகச் சைக்கிளில் ஒரு ஆமிக்காரன் வருவது தெரிந்தது.

நான் ட்ரோனின் நினைவக அட்டையை முழுதாக அழித்தேன். பதினாறு படமும். அந்த நேரத்தில் மட்டும் விரல் குறி தவறவில்லை.

அவன் சைக்கிளில் ஒரு காலை ஊன்றி, என்ன வேலை என்று கேட்டான். கடிதத்தைத் தலைகீழாக நீட்டினேன். அவன் அதை நேராகத் திருப்பி வாசித்தான்.

"இது சரி ஐயா. கம்பிக்கு அங்கால மட்டும் வேணாம்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். ட்ரோனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இருபத்திரண்டு வயதிருக்கும்.

ரீச்சர் வானுக்குள் இருந்தபடியே கேட்டார்.

"கிணத்தைக் கண்டனீங்களோ?"

"ஓம் ரீச்சர், கண்டனான்."

"கம்பிக்கு உள்ளுக்கோ, வெளியிலையோ?"

அதற்குப் பிறகு எத்தனையோ தரம் அந்த மூன்று செக்கனை மனதில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். சில நாளில் வட்டம் கம்பிக்கு அந்தப் பக்கம். சில நாளில் இந்தப் பக்கம். அன்றைக்கு, வடிவாகத் தெரியவில்லை என்று சொன்னேன். படத்தைக் காட்டச் சொன்னார். அழித்துவிட்டேன் என்பதையும் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் ஒன்றும் ஏசவில்லை. இன்னொருமுறை விட முடியாதா என்று மட்டும் கேட்டார்.

"பற்றரி முடிஞ்சுது ரீச்சர்," என்றேன்.

நிறைந்த பற்றரி இரண்டு இருந்தன. பை அவர் மடியிலேதான், சிப் திறந்தபடி இருந்தது. அவர் பைக்குள் ஒருதரம் பார்த்தார். பிறகு சிப்பை மெதுவாக இழுத்து மூடினார்.

"சரி தம்பி, வெளிக்கிடுவம்."

வீட்டுக்கு வந்து, அழிந்ததை மீட்கும் மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். ஒரே ஒரு படம் பாதி சாம்பலாக வந்தது. பற்றை மட்டும்.

திங்கட்கிழமை என்னைக் கூப்பிட்டவர்கள் யாருமில்லை, நானாகத்தான் போனேன். பெக்கோக்காரர் ஏற்கெனவே இயந்திரத்தை இறக்கியிருந்தார். எவ்வளவு தூரம் வெட்டுவது, கம்பிவரைக்குமா என்று ரீச்சரைக் கேட்டார். ரீச்சர் என் பக்கம் திரும்பினார்.

"உங்கடை மிசின் எவ்வளவு பிழைக்கும் தம்பி?"

மிசின் மூன்று மீற்றர், படம் ஐந்து, இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்தால் எட்டு என்றேன். என்னைப் பற்றிக் கேட்டிருந்தால் சொல்ல என்னிடம் இலக்கம் இல்லை.

"அப்ப பத்து விடுங்கோ," என்றார் பெக்கோக்காரரிடம். "அதுக்கு மேலை ஏழு கவடும் விடுங்கோ."

கிழக்குக்குத்தானே ஏழு கவடு, கம்பி வடக்கிலல்லவா இருக்கிறது என்று எனக்கு வாய்வரை வந்தது. விட்டுவிட்டேன். பெக்கோக்காரர்தான் முணுமுணுத்தார், நாலு பரப்பில் பாதி பற்றையாகவே கிடக்கும், மிச்சத்தில் வீடு கட்ட இடம் போதாது, டெங்கு நுளம்பு பார்க்கிற சுகாதாரக்காரரும் வந்து நிற்பார்கள் என்று.

"கிடக்கட்டும். கூட விட்டால் அவனுக்கு ஒண்டும் வராது."

அளக்கும் நாடாவின் ஒரு நுனியைப் பெக்கோக்காரர் பிடித்தார். மற்ற நுனியைப் பிடித்துக்கொண்டு கம்பிவரை நான்தான் நடந்தேன். அங்கே போய் நின்று பற்றைக்குள் எட்டிப் பார்த்தேன், கறுப்பாக ஏதாவது தெரிகிறதா என்று. இலைதான் தெரிந்தது. நாடாவைக் கம்பியில் முட்டாமல் ஒரு சாண் இந்தப் பக்கமாகவே பிடித்தேன்.