ஃபிட்டர் பெண்டாட்டி

பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் மேஜைக்கு அவள்தான் ரேடியோ. பெல்ட்டில் பிஸ்கட் வரும். உடைந்ததைப் பொறுக்கிப் போட்டுவிட்டு நல்லதைத் தட்டில் அடுக்க வேண்டும். கை அது பாட்டுக்கு ஓடும், வாய் அது பாட்டுக்கு ஓடும். சூப்பர்வைசர் முறைத்தால், "பிஸ்கட் உள்ள போனாதான் சார் குத்தம், பேச்சு வெளியதானே வருது?" என்பாள். மேஜையே சிரிக்கும்.

அவள் புருஷன் அதே கம்பெனியில் ஃபிட்டர். அதனால், பேக்கிங்குக்கு மெஷின் வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியபோது எல்லாரும் அவளைத்தான் கேட்டார்கள். பக்கத்தில் நிற்கும் தோழிக்குத்தான் ரொம்ப அவசரம். ஒல்லியாக இருப்பாள் என்று அவளுக்குக் குண்டூசி என்று பேர். ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் அவளுக்கு வேலை தயாராக இருந்தது, சம்பளம்தான் கொஞ்சம் குறைவு. போவதா, இருப்பதா?

"எங்க வீட்டுக்காரர் கைபடாம இங்க ஒரு நட்டு கழலாது. அப்படி ஒண்ணு வந்தா எனக்குத் தெரியாதாடி? பேசாம இரு," என்றாள் ரேடியோ.

குண்டூசி பேசாமல் இருந்துவிட்டாள். அந்த வேலைக்கு வேறொருத்தி போனாள்.

ஃபிட்டர் அப்போது வெளியூரில் பயிற்சியில் இருந்தார். அடுப்புக்குப் புது மோட்டார் வருகிறது, அதைப் பழகப் போகிறேன் என்று வீட்டில் சொல்லியிருந்தார். வரும்போது அவளுக்கு ஒரு சால்வை வாங்கி வந்தார்.

பராமரிப்புக்காக ஒரு வாரம் மூடியிருந்த கம்பெனி திறந்த அன்று உள்ளே போனால், மேஜையைக் காணோம். அந்த இடத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. உள்ளே நாலு இரும்புக் கைகள் பிஸ்கட்டை உறிஞ்சித் தூக்கித் தட்டில் வைத்துக்கொண்டிருந்தன. கூண்டுக்குப் பக்கத்தில் ஸ்பானரும் கையுமாக ஃபிட்டர். அவர் நிமிரவே இல்லை. பெண்கள் யாரும் அவரைப் பார்க்கவும் இல்லை. அத்தனை பேரும் அவளைத்தான் பார்த்தார்கள்.

அன்று சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டாள்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"பயிற்சிக்குப் போறதுக்கு முன்னாடியே. வெளிய சொன்னா என்னையும் தூக்கிடுவோம்னாங்க."

"நான் வெளியா?"

"உன் வாய் ஊருக்கே தெரியும். ரெண்டு பேருக்கும் வேலை போறதுக்கு, ஒருத்தருக்காவது மிஞ்சட்டும்னு நினைச்சேன். தப்பா?"

அவள் உள்ளே போய் உலை வைத்தாள். இனிமேல் சோறு வேகப்போவது அவர் ஒருத்தர் சம்பளத்தில்தான்.

மறுநாள் ரேடியோ குண்டூசி வீட்டுக்குப் போனாள். குண்டூசி கதவைப் பாதிதான் திறந்தாள்.

"சத்தியமா எனக்குத் தெரியாதுடி."

"தெரிஞ்சு சொல்லியிருந்தா நீ துரோகி. தெரியலன்னா, தெரியாத விஷயத்துல எதுக்கு அவ்வளவு அடிச்சுச் சொன்ன? எப்படிப் பார்த்தாலும் எனக்கு வேலை இல்ல. போயிடு."

கதவு சாத்திக்கொண்டது.

இப்போது ரேடியோ ஒரு துணிக்கடையில், ஜனங்கள் கலைத்துப் போட்ட துணிகளை மடித்து வைக்கிறாள். பழைய மேஜைக்காரிகள் கடைக்கு வந்தால், அவளைக் கண்டதும் அடுத்த வரிசைக்குத் திரும்பிவிடுகிறார்கள். லீவு நாளில் கம்பெனியில் மெஷின் சிக்கிக்கொண்டால் வீட்டுக்குப் போன் வரும். "கூப்பிடறாங்க" என்று அவரிடம் போனை நீட்டுவாள். பல நாள் அந்த ஒரு வார்த்தைதான் அவர்களுக்குள் பேச்சு.

போன மாதம் பக்கத்து வீட்டு அம்மா வந்து, "கம்பெனியில ஆள் எடுப்பாங்களாமா? உன் வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சிருக்குமே, கேட்டுச் சொல்றியா?" என்றாள்.

"நீங்களே கேட்டுக்குங்க," என்றாள் ரேடியோ. "எங்கிட்ட சொல்ல மாட்டாரு."