அப்பாவின் கரிநாக்கு

அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்காக என் தம்பி, "அப்பா சாந்த சொரூபி, யாரிடமும் அதிர்ந்து பேசாதவர்" என்று இரண்டு வரி எழுதி, மீதியை என்னை எழுதச் சொன்னான். அந்த இரண்டு வரியையும் அடித்துவிட்டேன். அப்பா வாயைத் திறந்ததனால்தான் பழி சுமந்தார். அவரைப் பேசாதவர் என்று அச்சடித்துக் கொடுத்தால், பழி போட்டவர்களுக்குத்தான் நிம்மதி.

அப்பா பிறந்தது ஜீயபுரத்தில், வாழைக் கொல்லையில் கூலி வேலை செய்த குடும்பத்தில். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து திருச்சிக்கு வந்து கட்டட வேலையில் சேர்ந்தார். முப்பது வயதுக்குள் சாரம் கட்டும் மேஸ்திரி ஆனார். காட்டூரில் குடியேறி, என்னையும் தம்பியையும் படிக்க வைத்தார்.

சாரம் கட்டுவதற்கு முன் அப்பா செய்யும் ஏற்பாடுகளுக்கே இரண்டு நாள் பிடிக்கும். சவுக்குக் கம்பு ஒவ்வொன்றையும் கல்லால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார், உளுத்ததை ஒதுக்குவார். நைந்த கயிற்றை யாரும் மறுபடி எடுத்துவிடாதபடி துண்டு துண்டாக வெட்டிப் போடுவார். கம்பு நடும் இடத்தையெல்லாம் கடப்பாரையால் குத்திப் பார்ப்பார். ஆமை மேஸ்திரி என்று கேலி செய்வார்கள். "ஏறுறதுக்குத்தான் எல்லாரும் கட்டுறாங்க. நான் இறங்குறதுக்குக் கட்டுறேன்" என்று சிரித்துக்கொள்வார்.

அப்பாவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும்போது ஸ்ரீரங்கத்தில் ஒரு மாடி வீட்டு வேலை வந்தது. அந்தக் கான்ட்ராக்டரின் பெயரை எழுதி இந்த மலரைக் கெடுக்க எனக்கு மனமில்லை. முதல் கம்பு நட நாள் பார்த்து, வீட்டார் தேங்காய் பழத் தட்டோடு வந்து நின்றார்கள். கிழக்கு மூலையில் அப்பா குத்திய கடப்பாரை பாதிவரை உள்ளே போயிற்று. பக்கத்து வீட்டில் விசாரித்தார். அங்கே ஒரு பழைய கிணறு இருந்ததாம். குப்பையும் மண்ணும் கொட்டி மூடியிருக்கிறார்கள். தோண்டிக் கெட்டிப்படுத்திக் கல் பரப்ப வேண்டும், இரண்டு நாள் கொடுங்கள் என்றார் அப்பா. முகூர்த்தம் போய்விடும் என்றார் கான்ட்ராக்டர்.

"முகூர்த்தம் போனா இன்னொண்ணு வருங்க. இங்க நட்டா சாரம் விழும்."

விழும். அந்த ஒரு சொல்தான் அவர் செய்த குற்றம். நல்ல நேரத்தில் அமங்கலமாகப் பேசினார் என்று அப்போதே வெளியேறச் சொன்னார்கள். ஓர் எலுமிச்சம்பழத்தை நறுக்கிக் குழியில் போட்டு, அதன்மேல் கம்பை நட்டார்கள். நாலாம் நாள் மூலைக் கம்பு மண்ணுக்குள் இறங்கிச் சாரம் சரிந்தது. சித்தாள் வேலை செய்த காளியம்மாள் அக்கா சாந்துச் சட்டியோடு கீழே விழுந்து கால் ஒடிந்தது.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. அவசரப்பட்ட கான்ட்ராக்டரை ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை. "அந்த ஆளுக்குக் கரிநாக்கு. வாய் வச்சான், விழுந்துடுச்சு" என்றார் அவர். ஊரும் அதையே பிடித்துக்கொண்டது. சத்திரம் பேருந்து நிலையத்தருகே வேலைக்கு ஆள் பிடிக்க வந்தவர்கள் அப்பாவைத் தாண்டிப் போனார்கள். உறவினர்களே, உங்களையும்தான் சொல்கிறேன். உங்கள் வீடுகளுக்கு வாசக்கால் வைத்தபோது அப்பாவை அழைத்தீர்களா? நல்ல காரியம் முடிந்த பிறகு, சாரத்தைப் பார்த்துக் கொடுக்க மட்டும் சத்தமில்லாமல் ஆள் அனுப்பினீர்கள். அப்பாவும் வந்தார். அவருக்கு ரோஷம் இல்லை என்று நினைத்துக்கொண்டீர்கள். மேலே ஏறப்போகிறவர்களுக்காக வந்தார்.

நான் மட்டும் என்ன யோக்கியம்? என் கல்யாணத்தன்று பந்தல்கால் ஒன்றை அசைத்துப் பார்த்துவிட்டு அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாப்பிள்ளை வீட்டார் பக்கத்தில் நின்றார்கள். நான் முந்திக்கொண்டேன்.

"அப்பா, இன்னிக்கு ஒரு நாளாவது வாயைத் திறக்காதீங்க."

அவர் திறக்கவில்லை. தாரை வார்த்துக் கொடுத்த கையோடு போய், கடைசிப் பந்தி முடியும்வரை அந்தக் காலைப் பிடித்துக்கொண்டே நின்றார். பந்தலுக்கு இன்னொரு கால் என்று சிரித்தார்கள். சாப்பிட்டாரா என்றுகூட நான் கேட்கவில்லை.

சென்ற ஆண்டு மூச்சிரைப்பு வந்து படுத்தவர் இருபது நாளில் எங்களை விட்டுப் போனார். அந்த நாட்களில் மருந்து வாங்கி வந்த அண்டை வீட்டாருக்கும், தோள் கொடுத்த கொத்தனார்களுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். எல்லோருக்கும் முன்னால் காளியம்மாள் அக்காவுக்கு. ஒடிந்து கூடிய காலை இழுத்துக்கொண்டு வந்து, அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, முன்கூட்டியே சொன்ன ஒரே ஆள் இவர்தான் என்று கூட்டத்துக்குக் கேட்கும்படி சொன்னவர் அவர்.

கருமாதிப் பந்தல் போட்ட அன்று நான் ஒவ்வொரு காலாக அசைத்துப் பார்த்தேன். மூன்றாவது கால் ஆடியது. துக்க வீட்டில் இதெல்லாம் எதற்கம்மா என்றார் பந்தல்காரர். நீங்கள் எல்லோரும் சுற்றி நின்றீர்கள்.

"இந்தக் கால் விழும். பிடுங்கிட்டு மறுபடி ஆழமா நடுங்க" என்றேன்.

அவர் பிடுங்கி நட்டார். அப்பா, நான் வாயைத் திறந்துவிட்டேன்.